பணம் கொடுத்தால் சாவி!
ஆஸ்பத்திரிகளைப் பூட்டிய கம்ப்யூட்டர் கொள்ளையர்

2021-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி. அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில், ரொட்டுண்டா என்ற பிரசவ ஆஸ்பத்திரி அன்று காலை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 36 வாரமும் அதற்கு மேலும் ஆன கர்ப்பிணிகளும், அவசரம் உள்ளவர்களும் மட்டும் வந்தால் போதும். மற்றவர்கள் வர வேண்டாம்!

காரணம், தொற்று நோய் அல்ல. கம்ப்யூட்டர்!

நாடு முழுவதும் இதே கதிதான். டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்கள். புற்று நோயாளிகளின் கதிர் சிகிச்சைகூடத் தடைப்பட்டது.

புதுவிதத் திருடன்

சாதாரணத் திருடன் பீரோவை உடைப்பான், நகையோடு ஓடிவிடுவான். இந்தத் திருடன் ஓடுவதில்லை. பீரோவுக்குத் தன் பூட்டைப் போடுகிறான். பிறகு வாசலில் உட்கார்ந்து சாவிக்கு விலை பேசுகிறான்! இதற்கு 'ரான்சம்வேர்' என்று பெயர்.

அயர்லாந்தில் இதைச் செய்தது 'கான்டி' என்ற கூட்டம். கேட்ட தொகை சுமார் 2 கோடி டாலர்.

அவர்கள் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஊழியர் ஒருவருக்கு ஈமெயில் அனுப்பினார்கள். மார்ச் 18-ந் தேதி அவர் அதிலிருந்த கணக்குத்தாளைத் திறந்தார். அதுதான் வாசல்! அதன்பின் 8 வாரம் அவர்கள் சத்தமில்லாமல் உள்ளே நடமாடினார்கள்.

மணி அடித்தது, ஆனால்...

மார்ச் 31-ந் தேதியே வைரஸ் தடுப்புக் கருவி திருடனைப் பார்த்துவிட்டது. ஆனால் 'பார்த்தால் குறித்து வை' என்றுதான் அதற்கு உத்தரவு. 'பிடி' என்று உத்தரவு இல்லை! மே 13-ந் தேதி மறுபடியும் எச்சரிக்கை வந்தது. சர்வர்களை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஓர் ஆஸ்பத்திரியும் சுகாதார இலாகாவும் மட்டும் எச்சரிக்கையை மதித்து நடவடிக்கை எடுத்தன. அவை தப்பின.

பணம் தர அரசாங்கம் மறுத்தது. மே 20-ந் தேதி, கொள்ளையர்களே சாவியை இலவசமாகக் கொடுத்தார்கள்! இது தர்ம சிந்தை அல்ல. நோயாளிகளின் ரகசியங்களைத் திருடி வைத்திருக்கிறோம், பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று கூடவே மிரட்டினார்கள்.

சாவி கையில் இருந்தும், எல்லா சர்வர்களையும் திறக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. சாவி கிடைத்திராவிட்டால்? நகல்களைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்டிருக்க முடியுமா என்பதே சந்தேகம் என்று டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியே இருக்க வேண்டும். இத்தகைய திருடர்கள் முதலில் தேடி அழிப்பது நகலைத்தான்.

அந்த அறிக்கை இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. காலாவதியான 'விண்டோஸ் 7' ஓடிய கம்ப்யூட்டர்கள் 30,000-க்கும் மேல் அங்கே இருந்தன. கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு என்றே பொறுப்பேற்ற மேலதிகாரி ஒருவர்கூட இல்லை.