எந்த செட்டில் சேரப்போகிறாய்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் அந்தமான் லாங் ஐலண்ட் ஜெட்டியில் வேறு பேச்சே கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், ஹாஸ்டல் கிடைத்ததா, கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்றா? சிலர் மாயாபந்தர் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியில் சேர்கிறார்கள். சிலர் போர்ட் பிளேரில் ஜே.என்.ஆர்.எம். போகிறார்கள், 1967 முதல் தீவுப் பிள்ளைகளைப் படிக்கவைத்துவரும் கல்லூரி அது. ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறியும் நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். மிச்சப் பேர் மெயின்லேண்ட்: சென்னை, புதுச்சேரி, கொல்கத்தா, விசாகப்பட்டினம். ஃபீஸையும் ஹாஸ்டலையும் அப்பாக்கள் விசாரித்துவிடுகிறார்கள். அம்மாக்கள் கேட்பது வேறு கேள்வி: "அங்க போய் எந்த செட்டோட சேருமோ?"

இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்த அம்மாக்களின் கேள்விக்கே கொடுக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கடினம். விழுப்புரத்துப் பையன் தாம்பரத்தில் படித்தால் சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையிலிருந்து நமக்குக் கப்பலே ஏறக்குறைய மூன்று நாள். அதன் பிறகு ரங்கத், எரட்டா ஜெட்டி, அங்கிருந்து போட். மனசு சரியில்லை என்று ஓடிவர முடியாத தூரம். இன்னொன்றும் உண்டு. இந்தத் தீவில் நட்பை யாரும் தேடிப் போனதில்லை. வங்காளி வீடு, தமிழ் வீடு, மலையாளி வீடு, ராஞ்சி வீடு என்று எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் இந்தி பேசி விளையாடி வளர்கிறது. தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பதினேழு வயதில்தான் முதல்முறை வருகிறது, அதுவும் முகம் தெரியாத ஊரில். அப்போது முதலில் நீளும் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

பிடித்துக்கொள்வதில் தவறே இல்லை. செட்டு வேண்டும். தனியாக மூன்று வருடம் ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல. அமெரிக்க அரசியல்வாதி கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மா சியாமளா நம் தமிழ்ப் பெண்மணி. கமலா ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற மாணவிகள் சங்கத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் இத்தகைய பெண்கள் சங்கத்தை சொராரிட்டி என்பார்கள், ஆண்கள் சங்கத்தை ஃப்ரட்டர்னிட்டி என்பார்கள். கறுப்பினப் பெண்களுக்குக் கதவுகள் மூடியிருந்த 1908ஆம் ஆண்டில், அந்தப் பல்கலைக்கழகத்து மாணவிகளே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கிய சங்கம் அது. 2020இல் கமலா துணை ஜனாதிபதி வேட்பாளரானதும் தேர்தல் நிதிக்குப் பத்தொன்பது டாலர் எட்டு சென்ட் என்ற விசித்திரத் தொகை நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தது. சங்கம் பிறந்த ஆண்டைத்தான் அந்தச் சகோதரிகள் பணமாக எழுதி அனுப்பினார்கள். கல்லூரியில் கிடைத்த கூட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவருக்குப் பக்கபலமாக நின்றது.

அதே அமெரிக்காவில், 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃப்ரட்டர்னிட்டி வீடு ஒன்றில் புதிதாகச் சேரவந்த பையன்களை மூச்சு விடாமல் குடிக்கவைத்தார்கள். திமோத்தி பியாசா என்ற 19 வயது மாணவர் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். வீடு நிறைய ஆள். விடிந்த பிறகும் வெகுநேரம் ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது, பையன் பிழைக்கவில்லை. கூப்பிட்டால் உள்ளே நடந்தது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் ஓர் உயிரைவிடப் பெரிதாகிவிட்டது. மறுவருடம் பென்சில்வேனியா மாநிலம் அந்தப் பையன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது; எந்தச் சங்கத்தில் என்ன நடந்தது என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும் என்கிறது அது.

நம் பக்கம் கிரேக்க எழுத்து வைத்த சங்கம் இல்லை என்று நிம்மதிப்பட வேண்டாம். நம் ஊர்களில் அது வேறு பெயரில் இருக்கிறது. சென்னையில் பஸ் ரூட்டுக்கு ஒரு கூட்டம், அதற்கொரு 'ரூட்டு தல'. புதுப் பையன் பஸ்ஸில் ஏறிய முதல் வாரத்திலேயே "நீ எந்த ரூட்டு?" என்று கேட்டுக் கோஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டும் தாளமுமாக ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கும். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்துக்குள் பட்டாக்கத்தியோடு ஏறி மாணவர்களையே மாணவர்கள் வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே அடிபட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். எந்த ரூட்டு, எந்தக் கல்லூரி என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு பகை இருந்ததாகத் தெரியவில்லை. நம் தீவுப் பையனுக்கு அந்தச் சண்டையில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் கோஷத்தில் நின்றால் எதிர்க்கூட்டம் அவனையும் எண்ணிக்கொள்ளும், போலீஸும் எண்ணிக்கொள்ளும்.

விடுதியில் நடப்பது இன்னும் மௌனமானது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசு, ராகிங்கின்போது சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரின் மகனுக்கே விடுதி அறையில் காவல் இல்லை. அந்த அதிர்ச்சியில்தான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். சிதம்பரம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2011 ஆகிவிட்டது.

நம் பிள்ளைகளில் பலர் கொல்கத்தா போவதால் ஜாதவ்பூரையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அங்கே ஆண்கள் விடுதியில், வங்காள இலக்கியம் படிக்கச் சேர்ந்து சில நாட்களே ஆன 17 வயது மாணவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் புகாரில் கைதானவர்களில் முன்னாள் மாணவர்களும் இருந்தார்கள். படிப்பு முடிந்தும் ஹாஸ்டலைக் காலி செய்யாத அண்ணன்கள் ஒரு செட்டுக்குத் தலைமை வகிக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வேன்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? உள்ளே விட என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார் தம்பி, தங்கச்சி. நேரம் கேட்டால் கொடுக்கலாம். உழைப்பு கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், ஒளிவுமறைவு கிடையாது. அதேபோல் கைப்பந்து டீம், நாடகக் குழு, தமிழ் மன்றம், மாணவர் பேரவை. இவற்றில் ஒன்றில் முதல் மாதமே பெயர் கொடு. அவமானத்தைக் கேட்டால், குடியைக் கேட்டால், 'வீட்டில் சொல்லாதே' என்று வாக்குக் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடு. சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு 'இதெல்லாம் ஜாலிக்குத்தான், நாங்களும் பட்டோம்' என்பார்கள். தான் பட்டதை அடுத்தவன்மேல் இறக்கிவைப்பவனிடம் நட்பு எங்கிருந்து வரும்?

பணத்தைப் பற்றியும் கேள். பார்ட்டிக்கு இவ்வளவு, பேனருக்கு இவ்வளவு, 'தல' பிறந்தநாளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கறக்கும் கூட்டங்கள் உண்டு. உன் அப்பா படகிலும் தோட்டத்திலும் சேர்த்த காசு அது. முக்கியமாக, சேர்ந்த பிறகு விலகியவர் யாராவது இருக்கிறார்களா, அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரி. விலகியவரை இன்னும் சிரித்துப் பேசவைக்கும் கூட்டம் நல்ல கூட்டம்.

உனக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரூ என்ற மாணவர் சீனியர்கள் அடித்து இறந்த பிறகு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. நம் அந்தமான் கல்லூரிகளுக்கும் அவை பொருந்தும். அட்மிஷனின்போது நீயும் உன் பெற்றோரும் ஆளுக்கொரு உறுதிமொழி கொடுக்கிறீர்களே, அது இந்த விதிப்படிதான். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யார் செய்தார்கள் என்று தெரியாவிட்டால் கூட்டமாகவே தண்டிக்கலாம் என்கிறது விதி. ஆகவே 'நான் சும்மா நின்றேன்' என்பது சாக்காகாது. 2016இல் சேர்த்த திருத்தம் நமக்கு ரொம்ப முக்கியம்: ஊரையும் மொழியையும் நிறத்தையும் சாதியையும் சொல்லி நோகடிப்பதும் ராகிங்தான். 'அந்தமானா? காட்டுவாசியா?' என்று ஒருவன் தினமும் கேட்டால் அதற்கும் புகார் கொடுக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-5522, இருபத்து நான்கு மணி நேரமும். பெயரைச் சொல்லாமலும் புகார் சொல்லலாம். போனில் இப்போதே பதிந்துகொள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்களே, அதில் இணைந்த தீவுகளில் நம் லாங் ஐலண்டும் ஒன்று. போன் பேச இப்போது மலையேறி டவர் தேட வேண்டியதில்லை. பிள்ளையிடம் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாய், ரூமில் யார் யார், சாயங்காலம் எங்கே போனாய் என்று கேளுங்கள். வழக்கமாக அரை மணி நேரம் பேசுகிற பிள்ளை இரண்டு வார்த்தையில் வைத்தால், திடீரென்று காசு அதிகம் கேட்டால், 'படிப்பு வேண்டாம், வந்துவிடுகிறேன்' என்று சொன்னால், 'சமாளித்துக்கொள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கியம் கேட்ட பிறகு பிள்ளைகள் அடுத்த முறை சொல்வதில்லை.

கடைசியாக, ஏற்கெனவே வெளியூரில் படித்துக்கொண்டிருக்கும் நம் தீவு அண்ணன்களே, அக்காக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் லாங் ஐலண்டிலிருந்தோ ரங்கத்திலிருந்தோ உங்கள் ஊருக்கு ஒரு பிள்ளை வந்தால் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், மெஸ், பஸ், பேங்க் எங்கே என்று காட்டுங்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். பதிலுக்கு எதுவும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்