குடலுக்குப் பெப்டைடு: ரேக்கில் ஏற்றும் முன்



சத்துமாவு, ஓட்ஸ், புரோட்டீன் பவுடர் என்று வந்த வரிசையில் இப்போது 'பெப்டைடு' வந்திருக்கிறது. டப்பாவாகவும் சாஷேயாகவும் மாத்திரையாகவும் வருகிறது. "குடலுக்கு நல்லது, அல்சர் ஆறும், செரிமானம் சீராகும்" என்கிறார் ஏஜென்சிக்காரர். கழிவும் தாராளமாகப் பேசுகிறார். பெரிய அங்காடிகளும் ஆன்லைன் கம்பெனிகளும் போட்டி போட்டு மளிகைச் சரக்கின் லாபத்தைக் காசுக் கணக்கில் தேய்த்துவிட்ட காலத்தில், லாபமுள்ள சரக்கு என்று ஒன்று வந்தால் எந்த வியாபாரிக்கும் மனம் அசையத்தான் செய்யும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். ஆனால் இது என்ன சரக்கு, விற்றால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகே ரேக்கில் ஏற்ற வேண்டும் என்பது நம் கருத்து.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட சரம். அதில் சில மணிகள் மட்டும் உள்ள சிறு துண்டுதான் பெப்டைடு. நாம் துவரம்பருப்பு சாப்பிட்டாலும் முட்டை சாப்பிட்டாலும், இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் அந்தப் புரதத்தை வெட்டிப் பெப்டைடுகளாக்குகின்றன. அவை மேலும் வெட்டப்பட்டு, தனி மணிகளாகவும் இரண்டு மூன்று மணித் துண்டுகளாகவும் உடலில் சேருகின்றன. அப்படிப் பார்த்தால், பருப்பு விற்கும் நாமெல்லாரும் தலைமுறை தலைமுறையாகப் பெப்டைடு வியாபாரிகள்தான்!

வாயால் சாப்பிடும் பெப்டைடு எதுவானாலும் இந்த வெட்டுக்குத் தப்புவது கடினம். இன்சுலினும் அமினோ அமிலச் சரம்தான். மொத்தம் 51 மணிகள். 1922இல் கனடாவின் டொராண்டோ நகரில் அதை முதன்முதலாக நோயாளிக்கு ஊசியில் போட்டார்கள். நூறாண்டு கடந்தும் விழுங்கும் மாத்திரையாக அது கடைக்கு வந்து சேரவில்லை. சர்க்கரை நோய்க்கான செமாகுளுடைடு என்ற பெப்டைடு மருந்தை மட்டும் அரும்பாடுபட்டு மாத்திரையாக்கினார்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் போட்ட மருந்தை, மாத்திரையில் நாளொன்றுக்கு 14 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு 98! அதுவும் வெறும் வயிற்றில், கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். 98 மூட்டை ஏற்றி அனுப்பினால் ஒரு மூட்டை வந்து சேரும் கணக்கு இது. வழியில் அத்தனை சேதாரம்.

"ரத்தத்தில் சேராவிட்டால் என்ன, குடலிலேயே வேலை செய்தால் போதுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லினாகுளோடைடு என்ற 14 மணிப் பெப்டைடு அப்படித்தான் குடலுக்குள்ளேயே வேலை செய்து மலச்சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அது நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் மருந்து. மளிகைக்கடையில் அதற்கு இடமில்லை. வாயால் சாப்பிடும் பெப்டைடு குடலில் வேலை செய்யவே செய்யாது என்று நாம் சொல்லவில்லை. வேலை செய்வது சோதனையில் நிரூபணமானால் அது மருந்தாகிவிடுகிறது என்றே சொல்கிறோம்.

இப்போது அதிகம் அடிபடும் பெயர் பி.பி.சி. 157. லண்டன் வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் பகுதி என்று சொல்லப்படும் 15 மணிப் பெப்டைடு இது. குரோவேஷியா நாட்டின் ஸாக்ரெப் நகர ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். எலிகளுக்குப் புண் ஆறியதாக ஏராளமான கட்டுரைகள் உண்டு. மனிதர்களிடம் நடந்த சோதனைகளையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் தடை செய்தது. 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருந்தகங்கள் கலந்து தயாரிக்கும் மூலப்பொருள்களில் பாதுகாப்பு பற்றிக் கணிசமான ஐயம் உள்ளவற்றின் வரிசையில் இதை வைத்தது. வெளிநாடுகளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டி விற்கப்பட்ட சரக்கு இது. அரிசியும் புளியும் விற்கும் இடத்தில் இதற்கு என்ன வேலை? யார் கொண்டு வந்தாலும், எத்தனை சதவீதம் கழிவு சொன்னாலும், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கொலாஜன் பெப்டைடு விஷயம் வேறு. இது உணவுப் பொருள்தான். முறையான லேபிளோடு வந்தால் விற்பதில் தவறில்லை. ஆனால் இது மாட்டுத்தோல், பன்றித்தோல், மீன்தோல், மீன்செதில் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தாவரங்களில் கொலாஜன் கிடையாது. 'சைவக் கொலாஜன்' என்று ஒருவர் நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அசைவச் சரக்கு என்றால் சதுரத்துக்குள் பழுப்பு நிற முக்கோணம் இருக்க வேண்டும். புரட்டாசி விரதத்தில் இருக்கும் அம்மாவுக்கும், ஹலால் பார்த்து வாங்கும் பாய்க்கும், மீன் ஒவ்வாத பிள்ளைக்கும் தெரியாமல் இதைக் கொடுத்துவிட்டால், பல ஆண்டு வாடிக்கை ஒரே நாளில் போய்விடும். சத்துக் கணக்கிலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உடலுக்கு அவசியமான டிரிப்டோபன் கொலாஜனில் இல்லை. 10 கிராம் கொலாஜன் சாஷே தரும் புரத அளவு 50 கிராம் துவரம்பருப்பிலேயே கிடைத்துவிடும். இரண்டின் விலை வித்தியாசத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். குடல் புண்ணை ஆற்றும் என்பதற்கோ போதிய ஆதாரம் கிடையாது.

நம்மை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. வயிற்று வலிக்காரர் முதலில் வருவது டாக்டரிடம் இல்லை, நம் கடைக்குத்தான். ஓமம் கேட்பார், சீரகம் கேட்பார், சோடா கேட்பார். "அண்ணாச்சி, வயிறு எரியுது, என்ன சாப்பிடலாம்?" என்று உரிமையோடு கேட்பார். வயிற்றுப் புண் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருகிறது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர் கொடுக்கும் மருந்தை ஏறக்குறைய இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி ஒழிந்துவிடும். அவரிடம் நாம் 1,500 ரூபாய் டப்பாவை நீட்டி, அவர் ஆறு மாதம் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால்? மலம் கறுத்துப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்ற அறிகுறிகள் அதற்குள் கைமீறிப் போகலாம். "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்வதால் ஒரு டப்பா விற்பனை போகும். ஆள் நல்லபடியாக இருந்தால் அடுத்த மாதச் சாமான் சீட்டு நம்மிடம்தான் வரும்.

சட்டத்தையும் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன் 27ஆம் பிரிவு விற்பனையாளரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. காலாவதியான சரக்கு, தவறான லேபிள் உள்ள சரக்கு, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கு ஆகியவற்றுக்குக் கடைக்காரரே பதில் சொல்ல வேண்டும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. "அல்சர் குணமாகும்" என்று கம்பெனி கொடுத்த அட்டையைக் கடை முகப்பில் தொங்கவிடும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். சத்துப்பொருள் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் ஆங்கிலத்திலாவது தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. டப்பாவில் அப்படி இருக்க, அட்டையில் வேறு மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வது அட்டையைத் தொங்கவிட்டவர்தான்.

"நாம் விற்காவிட்டால் ஆன்லைனில் வாங்கிவிட்டுப் போகிறார்கள்" என்கிறார்கள் சிலர். வாங்கட்டும். பக்க விளைவு வந்தால் அந்தக் கம்பெனியின் வாசல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நம் கடை வாசல் தெருவுக்கே தெரியும்.

இந்த வகைச் சரக்கைக் கொலாஜன் அளவிலாவது வாங்கி விற்க விரும்பும் உறுப்பினர்கள், பேட்ச் எண்ணோடு பில் இல்லாமல் ஒரு டப்பாவும் இறக்க வேண்டாம். விற்பவர் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஏற்கெனவே பில் இல்லாமல் வாங்கி வைத்தவர்கள் ஏஜென்சியிடம் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. பணத்துக்குப் பதில் வேறு சரக்கு தருகிறேன் என்று அவர் சொன்னால், அதன் லேபிளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.