பெட்டி பழுதா, மின்சாரம் வரவில்லையா?



2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் ஒரு பகுதி அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. மின்சாரத்தின் பெயரால் காணியிழந்தவர்கள், மின்சாரத்தைப் பற்றிய அறியாமையால் பணத்தையும் இழக்கலாமா?

தொலைக்காட்சிப் பெட்டி இயங்காவிட்டால் உடனே மூதூருக்கு ஏற்றிச் செல்கிறோம். ஏற்றுகூலியும் போகிறது, ஒரு நாள் வேலையும் போகிறது. பல வேளைகளில் பழுது பெட்டியில் அல்ல, மின்சாரம் வரும் வழியில்தான் இருக்கிறது.

ஆகவே அந்த வழியை முதலில் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா? அதே பிளக் பொயின்றில் மின்விசிறியைக் கொளுவினால் சுற்றுகிறதா? மூன்று தட்டைக் கால் உள்ள பிளக்கினுள் பியூஸ் உண்டு. பிளக்கைக் கழற்றியபின் அதே அம்பியர் அளவுள்ள புதியதைப் போடுங்கள். அடுத்து, பெட்டியிலுள்ள சுவிட்சை அழுத்துங்கள். சிறு சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது; ரிமோட்டின் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

அதற்கப்பால் பெட்டியைத் திறக்க வேண்டாம். படக்குழாய் உள்ள பழைய பெட்டிகளில், பிளக்கைக் கழற்றிய பின்னும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். எந்தப் பாகம் பழுது என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

மாரிகாலத்தில் புயல் எச்சரிக்கையும் அந்தப் பெட்டியில்தான் வருகிறது. ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு விடயமல்ல. கேட்டறிவதில் வெட்கமில்லை, கேளாமல் காசைக் கொடுப்பதே நட்டம்.