கூரையில் கம்பி, டில்லியில் சாவி!

நாகை வட்டாரத்திலும் இராமநாதபுரம் கடலோரத்திலும் பழைய மாடி வீடுகளை அண்ணாந்து பார்த்தால், துருவேறிய இரும்புக் குழாய்கள் சில இன்னும் நிற்கக் காணலாம். உச்சியிலே மீன்முள் போல் வரிசை வரிசையாகக் குறுக்குக் கம்பிகள். காக்கைக்கு அது இருக்கை. வேறு பயன் இல்லை. "இது எதற்கு?" என்று இன்றைய மாணவன் கேட்பான், சிரிப்பான். அந்தக் குழாயை நட்டவர் சிரிக்கமாட்டார். ஏனெனில் அவருக்கு அது வெறும் கம்பியல்ல, "எங்கள் வீட்டுக்கும் படம் வரவேண்டும், எங்கள் மொழியிலே வரவேண்டும்" என்று வானத்தை நோக்கி நீட்டிய மனு!

அந்த மனுவுக்கு விடை எங்கிருந்து கிடைத்தது? "ஏரியலின் காலம் முடிந்தது" என்று கூறி ஒளிபரப்புக் கோபுரங்களின் மூச்சை நிறுத்திவிட்ட ஆளவந்தார்கள், அந்த மனுவுக்குத் தரவேண்டிய பாக்கி என்ன? கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

டில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15இல். சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். இடையிலே பதினாறு ஆண்டுகள்! சரி, சென்னைக்கு வந்ததே, தமிழ்நாட்டுக்கு வந்ததா? இல்லை. அலை என்ன அரசாணையா, கையெழுத்து விழுந்தவுடன் குமரிமுனை வரை ஓடிவர? தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வது, பூமியோ உருண்டை. கோபுரத்தின் உயரம் எவ்வளவோ, அவ்வளவே அதன் ஆட்சி எல்லை. 100 மீட்டர்க் கோபுரத்துக்கு அடிவானம் ஏறத்தாழ 41 கிலோமீட்டர். 10 மீட்டர்க் கம்பத்தில் ஏரியல் கட்டியவனுக்கு அடிவானம் இன்னொரு 13 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 54. அதற்கப்பால் அலை தேய்கிறது. படத்திலே பனி கொட்டுகிறது. மதுரைக்காரனுக்கும் நெல்லைக்காரனுக்கும் சென்னைக் கோபுரம் எட்டாக்கனி. எட்டாத படத்துக்கு உரிமக் கட்டணம் மட்டும் எட்டியது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை பெட்டி வைத்திருந்தவர் அதைக் கட்டித்தான் தீரவேண்டும்.

இந்த நேரத்தில்தான் தென்கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அலை கிளம்பிற்று. ஜப்பானிய அரசின் நன்கொடையாக அமைந்த இலங்கை ரூபவாகினி, 1982 பிப்ரவரி 15இல் ஒளிபரப்பத் தொடங்கியது. அலையை வீசியது பீதுருதலாகலை, இலங்கையின் ஆக உயர்ந்த சிகரம், 2,524 மீட்டர். அந்த உயரத்துக்கு அடிவானமே 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனாலும் தூத்துக்குடி அதற்கும் அப்பால்தானே? ஆம். அந்த இடைவெளியைக் கடந்துவரக் கடல் கைகொடுத்தது. கடற்பரப்பையொட்டி ஈரக்காற்றும், அதன்மேல் உலர்ந்த வெப்பக்காற்றுமாக அடுக்குப் படியும் நாட்களில், அலையானது வாய்க்கால் நீர்போல் அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து நெடுந்தூரம் ஓடும். அதனால்தான் ஒரு நாள் கண்ணாடிபோல் படம். மறுநாள் மங்கல் மூட்டம். வன்னியில் கொக்காவிலிலும் ரூபவாகினியின் அஞ்சல் நிலையம் ஒன்று இருந்தது. வேதாரண்யம் கரைக்கு அது ஏறக்குறையப் பக்கத்து வீடு. 1990இல் போரின் நடுவே அது வீழ்ந்தது.

குழாய்கள் எழுந்தன. நாற்பதடி, அறுபதடி, இழுகம்பி நாலு பக்கம், உச்சியிலே பூஸ்டர். தம்பி மாடியில் நின்று குழாயைத் திருப்ப, அண்ணன் முற்றத்தில் நின்று கூவ, அக்காள் பெட்டியருகே நின்று "வந்துவிட்டது, விடாதே!" என்று கத்த, அது ஒரு குடும்பத் தொழில்! 1983 ஆடியிலே தமிழர் குருதி சிந்திய தீவு அது என்பதை நாம் மறக்கவில்லை. கொழும்பு நம்மீது காதல் கொண்டு அனுப்பிய அலையுமல்ல அது. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே தமிழுக்குக் கிடைத்த சிறு நேரம்தான். அந்தச் சிறு நேரத்துக்காக நம்மவர் அறுபதடிக் குழாயில் ஏறினார்கள் என்றால், சொந்த நாட்டு அரசு அவர்களுக்கு என்ன கொடுத்திருந்தது?

கொடுத்தது இது: 1982 ஆகஸ்ட் 15 முதல் 'தேசிய நிகழ்ச்சி'. 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள். 1984இல் நாடெங்கும் மளமளவென்று சிற்றாற்றல் ஒளிபரப்பு நிலையங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கலையகம் கிடையாது. டில்லி வார்த்ததை விண்ணிலிருந்து வாங்கி ஊருக்குள் இறைக்கும் குழாய்களே அவை. வார்த்த மொழி இந்தி. ஊறுகாயாகக் கொஞ்சம் ஆங்கிலம். சென்னை நிகழ்ச்சி தென்மாவட்டங்களுக்குச் சென்று சேர, எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலே பேராற்றல் நிலையம் அமையும் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை அலை வந்தது, மொழி வரவில்லை. விளக்கு வந்தது, எண்ணெய் வரவில்லை!

விஞ்ஞானம் வஞ்சித்ததா? இல்லை. விஞ்ஞானம் ஏழைக்குத் தோழன். அந்த மீன்முள் ஏரியலைப் பாருங்கள். 1926இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்னும் இரு அறிஞர் கண்ட கருவி. சொந்த நாடு அதைச் சட்டை செய்யவில்லை, மேலைநாட்டார் போற்றினர். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, ஆங்கிலேயர் விட்டுச் சென்ற ராடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாமல் திகைத்தது. "அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்" என்று கைதி ஒருவர் சொல்லித்தான் விளங்கிற்று! தன் வீட்டு அறிவை மதிக்காத நாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கருவியோ எளிது. 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர். ஏற்கும் கம்பி அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதன் பின்னே கொஞ்சம் நீண்ட கம்பி ஒன்று. முன்னே கொஞ்சம் குட்டைக் கம்பிகள் சில. முன்கம்பி கூடக் கூட, ஒரு திசையிலே பார்வை கூர்மையாகும். அலை மெலிந்த ஊரில் முதலில் தேடவேண்டியது உயரம்; பூஸ்டர் அதற்குப் பிறகு. பூஸ்டரைப் பெட்டியருகே வைத்தவன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கினான். உச்சியிலே, ஏரியலின் காலடியிலே வைத்தவன்தான் படம் பார்த்தான். மலைச்சரிவில் மோதித் திரும்பிய அலை, திரையில் உருவத்துக்குப் பக்கத்திலே நிழலுருவம் காட்டும். பேய்ப்படம் என்றார்கள். பகுத்தறிவாளன் வீட்டிலும் தோன்றிய பேய் அது ஒன்றுதான்! மந்திரம் ஓதி அதை ஓட்டவில்லை. ஏரியலைச் சற்றே திருப்பி ஓட்டினார்கள். மின்கம்பிக்கு விலகிக் குழாய் நட்டு, இடி இறங்க நிலத்தொடர்பும் கொடுத்தவன் வீடு பிழைத்தது. பட்டம் படிக்காத இளைஞர்கள் இவ்வளவையும் தாமே கற்றார்கள்.

இனி, இன்றைக்கு வருவோம். 2021 அக்டோபரில் பிரசார் பாரதி அறிவித்தது: பழைய முறை ஒளிபரப்பு நிலையங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மூடியாயிற்று, மிச்சமும் 2022 மார்ச் 31க்குள் மூடப்படும், பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள இடங்களில் சுமார் 50 மட்டும் இருக்கும். காரணம்? பழைய கருவி, வீண் செலவு, அலைவரிசை வேறு பணிக்குத் தேவை. கேபிளும் டிஷ்ஷும் வந்தபின் கூரை ஏரியலில் பார்ப்பவர் அருகிவிட்டனர் என்பதும் மெய்யே. பழையதைக் கட்டிக்கொண்டு அழ நாம் சொல்லவில்லை. மாட்டுவண்டியை நிறுத்துக, ஆனால் பேருந்து எல்லாத் தெருவுக்கும் வருகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துக!

பிரிட்டன் இதே வேலையை 2007இல் தொடங்கி 2012இல் முடித்தது. வட்டாரம் வட்டாரமாக நாள் குறித்து, 75 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெட்டி பொருத்தி, தேவைப்பட்டால் ஏரியலும் மாற்றித்தர ஒரு திட்டமே வைத்தது. இங்கே? கோபுரத்தில் பரப்பும் புதிய எண்முறையை 2016இல் தூர்தர்ஷன் 16 நகரங்களுக்குத் தந்தது. எந்த நகரங்கள்? டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை போன்றவை! கேபிள் கொடி தெருவுக்குத் தெரு தொங்கும் ஊர்களுக்குப் புதுக் கோபுரம். வால்பாறைத் தோட்டக் குடியிருப்புக்கும் கொல்லிமலைச் சிற்றூருக்கும் கைவிரிப்பு. நிறைந்த பானையிலேயே நீர் ஊற்றும் நிர்வாகம் இது.

"டிஷ் இருக்கிறதே, டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லையே" என்பார்கள். உண்மை; 2004 டிசம்பர் முதல் இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். அதன் செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் நிற்பவருக்கு அது தென்கிழக்கே, அடிவானுக்கு மேல் சுமார் 68 பாகை உயரத்தில். டில்லிக்காரருக்கு 52 பாகைதான். ஆகவே மலை மறைக்கும் தொல்லை நமக்குக் குறைவு. அடர்ந்த மரமும், செங்குத்துச் சரிவும், கொட்டும் மழையும்தான் இடைஞ்சல். இயற்கை நமக்கு இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்காதது எது? ஏலம்! அந்த டிஷ்ஷில் தனியார் அலைவரிசைக்குரிய இடங்களை ஏலம் விட்டார்கள். பெரும்பகுதியைப் பிடித்தவை இந்தி அலைவரிசைகள். 1984இல் மலையும் கடலும் மறித்தன. பிறகு பணப்பெட்டி மறித்தது. விளைவு ஒன்றே: தமிழன் கூரையிலே கம்பி, டில்லியின் கையிலே சாவி!

2023 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை 2,539 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு ஒப்புதல் தந்தது. தொலைதூர, பழங்குடி, எல்லைப்புறப் பகுதிகளுக்கு 8 இலட்சத்துக்கு மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பெட்டிகள் இலவசம் என்றது அது. வரவேற்கிறோம். ஆனால் பெட்டி போனால் போதுமா? பெட்டியைத் திறந்தால் பேசும் மொழி எது? நீலகிரியின் பழங்குடிக் குடும்பத்துக்குப் பெட்டி எத்தனை, மன்னார் வளைகுடாக் கரைக்கு எத்தனை என்று மாவட்டவாரியாகக் கணக்கை வெளியிடுக. மாநில மொழிகளுக்கு ஏலத்துக்கு வெளியே தனி இடம் ஒதுக்குக.

இன்னொன்று, எல்லாவற்றிலும் பெரியது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன; கேபிள் அறுந்தது; கைப்பேசி ஊமையானது. அத்தகைய இரவில், தொலைவில் பாதுகாப்பாக நிற்கும் ஒரு கோபுரமும், மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு பெட்டியும், ஒரு முழக் கம்பியும் இருந்தால் எச்சரிக்கை வீடு வந்து சேரும். 'பாதுகாப்பு முக்கியத்துவம்' என்று ஐம்பது கோபுரங்களை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களைக் கேட்கிறோம்: எல்லைக்கு அலை அவசியம் என்றால், கடலோரக் குடிசையில் உறங்கும் உயிருக்கு அவசியமில்லையா? கொடைக்கானல்போல் உயர்ந்த இடங்களிலும் கடலோரத்திலும் எண்முறைக் கோபுரங்களை நிறுத்தி, புயல் எச்சரிக்கையையும் தமிழ் ஒளிபரப்பையும் அவற்றில் அனுப்பினால் என்ன?

டில்லியை மட்டும் கேட்டு ஓய்வதும் நியாயமல்ல. 2006இல் தொடங்கிய திட்டத்தால் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி குடிசைக்குள் நுழைந்தது. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. பெட்டி நுழைந்த குடிசைக்கெல்லாம் படமும் நுழைந்ததா என்று மலைமேல் ஏறிப் பார்க்கவேண்டியது சென்னைக் கோட்டையின் கடமை. கேபிள் ஏறாத சரிவுகளில், திறந்த வானமுள்ள மேட்டில் ஒரே டிஷ் நிறுத்தி, அங்கிருந்து கம்பியிழுத்து இருபது வீடுகளுக்குப் பகிரலாம். அந்தந்த ஊர் இளைஞருக்கே அந்த வேலையைப் பழக்கலாம். அறுபதடிக் குழாயில் ஏறி அலையைப் பிடித்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு வித்தையா?

அலைக்கு மேடு பள்ளம் தடை. அதை வெல்லக் கருவி உண்டு, கண்டவர்கள் உண்டு, கற்றவர்கள் நம் ஊரிலேயே உண்டு. ஆட்சியாளர் மனத்திலுள்ள மேடு பள்ளத்தை வெல்லக் கருவி ஒன்றுதான்: கேட்பது, விடாமல் கேட்பது. அன்று கூரைமேல் ஏறிக் குழாயைத் திருப்பினோம். இன்று திருப்பவேண்டியது டில்லியின் முகத்தை!