பூனையின் நீர்க்கடுப்புக்கு அன்டிபயோட்டிக்கா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பூனை வளர்ப்பவர்கள் பலரிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது. பூனை மண் தட்டில் குந்தி முக்குகிறதா, சொட்டுச் சொட்டாக இரத்தம் போகிறதா, அப்படியானால் கிருமி. வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் கப்சியூலைத் திறந்து, தூளில் ஒரு சிட்டிகையை மீனோடு பிசைந்து வைத்தால் முடிந்தது.

கிருமி என்பதே பெரும்பாலும் பிழை. இந்த அறிகுறிகளோடு வரும் இளம், நடுவயதுப் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு எவ்வளவு சோதித்தாலும் காரணம் பிடிபடுவதில்லை. சிறுநீர்ப்பை அழன்றிருக்கும், கிருமி இராது. நாலாம் மாடிக்குள்ளேயே அடைந்து கிடப்பது, உலர் தீனி மட்டும் தின்று தண்ணீர் குறைவாகக் குடிப்பது, புதிதாக வந்த இன்னொரு பூனை ஆகியவை தூண்டுகோல்கள். பத்து வயது தாண்டிய, சிறுநீரகம் பழுதான, நீரிழிவுள்ள பூனைகளின் கதை வேறு. அவற்றில் கிருமித்தொற்று உண்மையாகவே கூடுதலாக வரும்.

"போன முறை கொடுத்தோம், சுகமாகிட்டுதே!" என்பார்கள். இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் கடுவன் பூனைக்கு அடைத்துக்கொண்டால் எதுவும் தானாக அடங்காது. அதன் சிறுநீர்க்குழாய் ஒடுக்கமானது. சளியும் பளிங்குத் துகளும் சேர்ந்து அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடலாம். அந்த அடைப்பைக் கப்சியூல் திறக்காது, மிருக வைத்தியர் குழாய் செலுத்தித்தான் திறக்க வேண்டும். மருந்து கேட்கும் என்று காத்திருந்து இழக்கும் ஒரு நாள்தான் இங்கே பூனையைக் கொல்வது.

அடுத்தது, "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்ற பேச்சு. பழகுவது உடம்பு அல்ல, கிருமி. அதுவும் சிறுநீர்ப்பையில் மட்டுமல்ல. விழுங்கிய மருந்து குடலில் வாழும் ஈ.கோலைக் கூட்டத்தையும் சலிக்கிறது, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. பிறகொரு நாள் சிறுநீர்ப்பைக்கு ஏறுவது பெரும்பாலும் அந்தக் குடல் கிருமிதான். பூனைக்கும் மனிதருக்கும் தனித்தனி ஈ.கோலை என்ற எல்லையும் இல்லை. பல மருந்துகளை எதிர்க்கும் எஸ்டி131 என்ற வகை மனிதரிலும் செல்லப்பிராணிகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. மண் தட்டை அள்ளும் கைதான் அம்மம்மாவுக்குச் சோறும் போடுகிறது.

"அப்படியென்றால் பவர் கூடினதைக் கொடுங்கள்." என்ரோஃபுளொக்சசின் அளவு மிஞ்சினால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம். இரண்டு வாரம் வேலை செய்யும் செஃபோவெசின் ஊசி, பிறாண்டும் பூனைக்கு வசதி என்பது உண்மைதான். ஆனால் அது மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். மனிதருக்காகப் பத்திரப்படுத்த வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் முன்வரிசையில் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. நாய், பூனைகளின் சிறுநீர்த் தொற்றுக்கென 2019 இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு அமொக்சிசிலின் போன்ற பழைய மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் கொடுத்தால் போதும் என்கிறது. அறிகுறி இல்லாமல் சோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால் பொதுவாக மருந்தே வேண்டாம் என்றும் சொல்கிறது.

கிருமி உண்டா என்று பார்க்கும் சிறுநீர்ச் சோதனைக்குக் காசு? இந்தக் கேள்வி நியாயமானது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியரிடம் ஒரு முறை போய்வருவதே பல வீடுகளுக்குப் பாரம். ஆனால் தட்டிலிருந்து வழித்த சிறுநீரில் தட்டின் அழுக்கும் சேர்ந்து வளரும். அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் காசுதான் வீண். வயிற்றுக்கு வெளியிலிருந்து மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே எடுப்பதே முறை. பார்க்கப் பயங்கரம், பூனையோ பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை பூனைக்குத் தேவை வலி நிவாரணி, அதையும் வைத்தியர்தான் தர வேண்டும். வீட்டு அலுமாரிப் பனடோல் வேண்டாம். பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது; ஒரு குளுசையே அதன் உயிரைக் குடிக்கப் போதும்.