வீட்டு நர்ஸ்: அசதிக்கு ஒரு நோட்டு

"ஏம்மா, குளிச்சிட்டு வர்றதுக்குள்ள மூட்டை தூக்கினவ மாதிரி ஆயிடறேனே, நான் என்ன சோம்பேறியாவா ஆயிட்டேன்?"

என் நாத்தனார் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள்தான் நானும் மனசுக்குள் அதையே நினைத்திருந்தேன், சகோதரிகளே. பொய் சொல்வானேன்!

அண்ணிக்கு ஊர் விழுப்புரம். வயது 52. மார்பில் கட்டி வந்து, கோரிமேடு ஜிப்மரில் ஆபரேஷன் ஆகி, 21 நாளைக்கு ஒரு தரம் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். உழவர்கரையில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கிட்டம் என்பதால் ஐந்து மாதமும் எங்களோடுதான் தங்கல்.

நாம் வேலை செய்து களைத்தால், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தீர்ந்துவிடும். வியாதியிலும் மருந்திலும் வருகிற அசதி அப்படியில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். இது புரிந்ததும் நான் அடுத்த தப்பைச் செய்தேன். "நீங்க ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது அண்ணி" என்று பதினைந்து நாள் கட்டிலிலேயே வைத்துவிட்டேன். விளைவு? வாசல் வரை போகவே தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பகலெல்லாம் கண்ணயர்ந்ததில் ராத்திரித் தூக்கமும் போயிற்று. வார்டில் ஒரு நர்ஸம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாள் பூரா படுக்க வெச்சா அசதி கூடத்தாம்மா செய்யும். உபயோகிக்காத சதை வத்திப் போயிடும்."

அவர் சொல்லித் தந்ததுதான் இந்த நோட்டு. பையனின் பழைய கணக்கு நோட்டில் மீதமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் "இப்ப அசதி எவ்வளவு?" என்று கேட்பேன். அசதியே இல்லையென்றால் 0, இதைவிட மோசம் கிடையாது என்றால் 10. மூன்று வரை லேசு. நாலிலிருந்து ஆறு நடுத்தரம். ஏழுக்கு மேல் போய் அங்கேயே நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு சுற்று எழுதியதுமே விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மருந்து ஏற்றின மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை எட்டு. அடுத்த வாரம் நாலு. மூன்றாவது வாரம் இரண்டு. அதை வைத்துத்தான் வேலைகளைப் பிரித்தேன். பார்க்க வருகிற உறவுக்காரர்களை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளினேன். (ரெட்டியார்பாளையத்துச் சின்ன மாமியாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்!) குளிக்க ஒரு ஸ்டூல். குளித்ததும் கால் மணி படுத்து, அப்புறம்தான் தலை வாருவது. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் கிடையாது. நடை, முதலில் மொட்டை மாடியில் ஐந்தே நிமிஷம். இரண்டு மாதத்தில் இருபது நிமிஷம் ஆயிற்று. எட்டு போட்ட நாட்களில் கட்டிலைச் சுற்றி நாலு நடை நடந்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

சாப்பாடு மூன்று வேளை வயிறு முட்ட அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. வேகவைத்த முட்டை, பாசிப்பருப்புக் கஞ்சி, இட்லி. மீன் குழம்பு வாசனை குமட்டியதால், ஐந்து மாதம் எங்கள் வீட்டுப் புதுச்சேரி நாக்குகளும் பத்தியம் காத்தன!

அண்ணியாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை ஒன்று உண்டு. முருங்கைக்கீரை ஆய்வது. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். "உன் வீட்ல சும்மா தின்னுட்டிருக்கேன்ற எண்ணம் வராது" என்றார். கீரைக் கட்டை நான் ஏன் முன்பே நீட்டவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நான்காவது சுற்றில், மூன்றாம் வாரம் வந்தும் எண் ஏழிலேயே நின்றது. நோட்டை டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.4! ரத்தம் ஏற்றிய பிறகு எண் இறங்கியது. நோட்டு இல்லாவிட்டால், மருந்துக்கு வருகிற அசதிதானே என்று சும்மா இருந்திருப்போம். ரத்தசோகை மட்டுமில்லை, தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு இவையும் அசதியைக் கூட்டும். எல்லாமே கவனித்துச் சரி செய்யக் கூடியவை.

மருந்து ஏற்றுகிறவர்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ரத்தக் கசிவு, பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம்.

இளந்தாய்மார்களே, வீட்டில் நோயாளி இல்லையென்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குழந்தை பெற்றவளின் அசதியை 'பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான்' என்று தள்ளிவிடுகிறோம். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட இரும்புச்சத்து மாத்திரை ஆரோக்கிய நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். காபி, டீயோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடலாம். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம்தான்.