திறந்த ஏடும் பூட்டிய பெட்டகமும்

குடியேற்ற அரசின் அழைப்பில் 1902இல் வந்த ஹேர்ட்மன் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி மன்னார் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கை இலண்டனில் ஐந்து பாகங்களாக வெளிவந்துகொண்டிருக்கையிலேயே, 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. சில ஆண்டுகளிற் பார்கள் வெறுமையாயின. கடல் நமது, ஏடோ அவர்களது.

அக்காலம் மலையேறிவிட்டது என்கின்றனர் சிலர். ஜப்பானிய முத்துச்சிப்பியின் மரபணுத்தொகுதியை 2012இல் ஒக்கினாவா விஞ்ஞானிகள் உலகுக்கே வெளியிட்டனரே, எவரும் படிக்கலாமே என்று நமக்கு உபதேசிக்கின்றனர். படிக்கலாம், எதைக்கொண்டு? கோடிக்கணக்கான எழுத்துகளை ஒப்பிடும் கணினி வேண்டும். அதனைக் கையாளக் கற்றுத்தரும் உயிர்த்தகவலியலாளர் வேண்டும். இவை வாய்க்காத மாணவருக்குத் திறந்த ஏடும் பூட்டிய பெட்டகமே.

மன்னார்ச் சிப்பியும் தூத்துக்குடிச் சிப்பியும் ஒரே குலமா? இங்கு அழிந்தால் அங்கிருந்து நீரோட்டத்திற் குஞ்சுகள் வந்து குடியேறுமா? பார்களை மீட்க விழைவோர் முதலில் விடைகாண வேண்டிய வினாக்கள் இவை. நம் ஆய்வாளர் மாதிரிகளைத் திரட்டி அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறர் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரியாய் ஒடுங்குவதோ?

யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் பொதுவிற் பயன்படுத்தத்தக்க மரபணு ஆய்வுத் துணைநிலையம் ஒன்றினைப் பொதுப்பணத்தில் அமைக்கக் கோருகின்றோம். சலுகையாக அன்று, உரிமையாக!